எந்தப் படத்துக்கு எந்தக் கேமரா?

ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர்களின் சங்கம் வெளியிடும் கணக்கின்படி, 2010-இல் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்களின் எண்ணிக்கை 12 கோடியைத் தாண்டியிருந்தது. 2023-இல் அது 80 லட்சத்தைக்கூட எட்டவில்லை. மக்கள் படமெடுப்பதைக் குறைத்துக்கொண்டதால் நேர்ந்த வீழ்ச்சியன்று இது. பகல் வெளிச்சத்தில் எடுக்கும் குடும்பப் படங்களுக்கும் பயணப் படங்களுக்கும் சட்டைப் பையிலுள்ள கைபேசியே போதுமானதாகிவிட்டதால், அதே வேலையைச் செய்துவந்த சிறு கேமராக்கள் ஏறத்தாழ மறைந்துபோயின. இதன் விளைவாகக் கேமரா வாங்குவதற்கான காரணமே மாறியிருக்கிறது. ‘நல்ல படம் வேண்டும்’ என்பது ஒரு காலத்தில் போதுமான காரணமாக இருந்தது; இன்றோ, கைபேசியால் எடுக்க முடியாத எந்தப் படம் தமக்கு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் தனிக் கேமராவால் பயன் உண்டு.

கைபேசி திணறும் இடங்கள் பெரும்பாலும் மூன்று வகையானவை: வெளிச்சம் மங்கிய இடம், எட்டாத் தொலைவில் இருக்கும் பொருள், நில்லாமல் நகரும் பொருள். மங்கிய வெளிச்சத்தில் கைபேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, அவற்றை மென்பொருளால் ஒன்றாக்கிக் குறையை மறைக்கிறது. எதிரே இருப்பது கோபுரமாக இருந்தால் இந்த உத்தி வியக்கத்தக்க வகையில் பலிக்கிறது, சுழன்றாடும் நாட்டியக் கலைஞராக இருந்தால் கையும் முகமும் கலங்கிப்போகின்றன. ஆகவே கேமராவின் பெயரையும் மாடலையும் விசாரிப்பதற்கு முன்பு, எவ்வளவு இருட்டில், எவ்வளவு தொலைவில், எவ்வளவு வேகமாக நகர்வதைப் படமெடுக்க வேண்டியிருக்கும் என்று ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது. கையிலுள்ள பணத்தைக் கேமராவுக்கும் லென்ஸுக்கும் எப்படிப் பிரிப்பது என்பதை இந்தக் கேள்விகளே தீர்மானிக்கின்றன.

கேமராவுக்குள் ஒளியை மின் சைகையாக மாற்றும் சிலிக்கான் சில்லு சென்சார் எனப்படுகிறது. இதன் தொடக்கம் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் வகுத்த சிசிடி என்னும் அமைப்பு. அதற்காக 2009-இல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அத்தகைய சில்லு ஒன்றைக் கொண்டு கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இல் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா, வெறும் 10,000 புள்ளிகளாலான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கேசட் நாடாவில் பதிவதற்கு 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. இன்றைய சென்சார்களில் கோடிக்கணக்கான புள்ளிகள் இருந்தாலும், படத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில் புள்ளிகளின் எண்ணிக்கையைவிடச் சில்லின் பரப்புக்கே பங்கு அதிகம். ஃபுல் ஃபிரேம் எனப்படும் சென்சார், பழைய பிலிம் சுருளின் ஒரு சட்டகத்தைப் போல 36-க்கு 24 மி.மீ. அளவுள்ளது, அதற்கு அடுத்த ஏபிஎஸ்-சி வகை ஏறத்தாழ 23.5-க்கு 15.6 மி.மீ.; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்பது 17.3-க்கு 13 மி.மீ.; மலிவான சிறு கேமராக்களில் இருப்பதோ 6-க்கு 4.5 மி.மீ. அளவேயான துணுக்கு. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால், ஃபுல் ஃபிரேம் ஏபிஎஸ்-சியைப் போல் இரண்டேகால் மடங்குக்கு மேலும், அந்தத் துணுக்கைப் போல் 30 மடங்குக்கு மேலும் பெரியதென்று தெரியும். பரப்பு மிகுந்தால் விழும் ஒளியும் மிகும். ஒளி குறையும்போது சைகையைச் செயற்கையாகப் பெருக்கிக் காட்டும் அளவான ஐஎஸ்ஓவைக் கூட்டினாலும் படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தலைகாட்டுவது குறையும்.

மெகாபிக்சல், அதாவது பத்து லட்சம் புள்ளிகள் என்ற கணக்கு, விளம்பரங்களில் இன்னமும் முதலிடம் பெறுகிறது என்றாலும், அதற்கு அவ்வளவு மதிப்புத் தர வேண்டியதில்லை. 12-க்கு 18 அங்குலத் திருமண ஆல்பத் தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் படம் போடுவதற்கு 20 மெகாபிக்சலுக்குச் சற்றுக் குறைவாகவே தேவைப்படுகிறது. 4கே தொலைக்காட்சித் திரை காட்டக்கூடியது எட்டேகால் மெகாபிக்சல் அளவுதான். இன்று விற்கப்படும் தொடக்க நிலைக் கேமராக்களிலேயே 24 மெகாபிக்சல் பரவலாகக் கிடைப்பதால், சுவரளவுப் பதாகை அச்சிடுபவர், எடுத்த படத்தில் ஒரு மூலையை மட்டும் வெட்டியெடுத்துப் பயன்படுத்துபவர் ஆகியோரைத் தவிர மற்றவர்கள் இந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

பணம் உண்மையில் பேசுவது லென்ஸில்தான். லென்ஸின் உள்ளே விரிந்து சுருங்கும் துவாரம், அப்பர்ச்சர், எஃப் எண் என்னும் அளவால் குறிக்கப்படுகிறது. லென்ஸின் குவியத் தொலைவைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும் என்பதால், எண் சிறுத்தால் துவாரம் பெரிது என்று பொருள். கேமராவோடு சேர்த்துக் கொடுக்கப்படும் கிட் லென்ஸ் பெரும்பாலும் குவியத் தொலைவு 18 முதல் 55 மி.மீ. வரை மாறக்கூடியதாகவும், முழுவதும் நீட்டும்போது எஃப் 5.6-க்கு மேல் திறக்காததாகவும் இருக்கிறது. விலை மிகக் குறைவான 50 மி.மீ. லென்ஸோ எஃப் 1.8 வரை திறக்கும். துவாரத்தின் பரப்பு எண்ணின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 5.6-க்கும் 1.8-க்கும் உள்ள வேறுபாடு மூன்று மடங்கன்று, ஏறத்தாழப் பத்து மடங்கு.

இந்தப் பத்து மடங்கு என்ன செய்யும் என்பதைச் சிற்றூர் மண்டபம் ஒன்றில் நடக்கும் பரதநாட்டிய அரங்கேற்றத்தில் வைத்துப் பார்க்கலாம். மேடை விளக்குகளின் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 1600 என்று வைத்துக்கொண்டு, கிட் லென்ஸை எஃப் 5.6-இல் முழுவதும் திறந்து எடுத்தால், சரியான ஒளியைப் பெற, ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டர் ஒரு விநாடியின் 25-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கொள்வோம். அந்த நேரத்துக்குள் முத்திரை பிடித்த விரல்கள் இடம் மாறிவிடும். ஜதிக்கேற்பக் கால் தூக்கி வைப்பது படத்தில் வெறும் கலங்கலாக விழும். அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ 250-இல் ஒரு பங்கு நேரத்தில் அதே வெளிச்சத்தைப் பெற்றுவிடும். விரல்கள் விரல்களாக நிற்கும். இந்த மாற்றத்தைத் தருவதற்கு இருமடங்கு விலையுள்ள கேமரா தேவைப்படவில்லை. பெரும்பாலான நிறுவனங்களின் விலைப்பட்டியலில் மிகக் குறைந்த விலையுள்ள லென்ஸ்களில் ஒன்றே போதுமாக இருக்கிறது. கேமராவின் விலையை உயர்த்திக்கொண்டு கிட் லென்ஸோடு நின்றுவிடுவது, நம் ஊர்களில் முதல் கேமரா வாங்குவோர் அடிக்கடி செய்யும் தவறான கணக்கு. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் வசதி இருக்கிறதே என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். அந்த வசதி படமெடுப்பவரின் கையசைவை ஈடுகட்டுமே தவிர, ஆடுபவரின் அசைவை நிறுத்தாது.

தொலைவு என்பது வேறு வகைக் கணக்கு. வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டுவது ஏரிக்குள் நிற்கும் மரங்களில். பார்வையாளர் நிற்பது ஏரிக்கரையில். அந்த இடைவெளியைக் கடந்து ஒரு கூழைக்கடாவின் கண் தெரியும்படி எடுக்க வேண்டுமானால் 400 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட குவியத் தொலைவு தேவைப்படும். இங்கே சிறிய சென்சாருக்கு ஒரு நன்மை உண்டு: ஏபிஎஸ்-சி சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால், 300 மி.மீ. லென்ஸ் அதில் 450 மி.மீ. லென்ஸ்போலக் குறுகிய காட்சியைத் தருகிறது. எனவே பறவைகளுக்காகக் கேமரா வாங்குபவர் ஃபுல் ஃபிரேம் மீது ஆசைப்படாமல், ஏபிஎஸ்-சி கேமரா ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தை நீண்ட லென்ஸில் போடுவது அறிவுடைமை. லென்ஸைக் கழற்றவே முடியாதபடி மிக நீண்ட ஜூமுடன் வரும் பிரிட்ஜ் கேமராக்களும் உள்ளன. 2018-இல் வெளிவந்த நிக்கான் பி1000 என்பது 3000 மி.மீ. லென்ஸுக்கு இணையான காட்சியைக் காட்டக்கூடியது. ஆனால் அதனுள் இருப்பது முன்பு சொன்ன 6-க்கு 4.5 மி.மீ. அளவான சென்சார், முழு நீளத்தில் அதன் துவாரம் எஃப் 8-க்கு மேல் திறக்காது. நண்பகலிலும் நிலவைப் படமெடுப்பதிலும் அது மனத்தை நிறைக்கும். பறவைகள் சுறுசுறுப்பாக இயங்கும் விடியற்காலையிலும் அந்திப் பொழுதிலும் ஏமாற்றமே தரும்.

வேகத்தைப் பொறுத்தவரை, ஷட்டர் எத்தனை விரைவாக மூடுகிறது என்பதோடு, கேமரா எத்தனை விரைவாகக் குவியத்தைக் கண்டு பின்தொடர்கிறது என்பதும் சேர்த்தே பார்க்கப்பட வேண்டும். வாடிவாசலிலிருந்து பாய்ந்து வரும் காளையை உறையவைக்க 1000-இல் ஒரு பங்கு விநாடி ஷட்டரை எந்தக் கேமராவிலும் வைத்துவிடலாம். நேரே நம்மை நோக்கி வரும் அதன் முகத்தில் குவியம் நழுவாமல் இருப்பதில்தான் கேமராவுக்குக் கேமரா வேறுபாடு தெரியும். இந்த இடத்தில்தான் டிஎஸ்எல்ஆர், மிர்ரர்லெஸ் என்ற இரு வகைகளும் பிரிகின்றன. டிஎஸ்எல்ஆர் கேமராவில், லென்ஸ் வழியே வரும் ஒளியைச் சாய்வாக நிற்கும் கண்ணாடி ஒன்று மேலே கண்வைத்துப் பார்க்கும் துளைக்குத் திருப்புகிறது. படமெடுக்கும் கணத்தில் அந்தக் கண்ணாடி மேலெழுந்து சென்சாருக்கு வழிவிடுகிறது. 2008-இல் பானசோனிக் ஜி1 கேமராவோடு பரவலான சந்தைக்கு வந்த மிர்ரர்லெஸ் வகையில் அந்தக் கண்ணாடியே இல்லை. சென்சார் எந்நேரமும் காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பதால், மனிதரின் கண்ணையும் விலங்கின் முகத்தையும் அடையாளம் கண்டு விடாமல் தொடர்வது புதிய மாடல்களுக்குக் கைவந்திருக்கிறது. கேனானும் நிக்கானும் 2018-இல் தத்தம் ஃபுல் ஃபிரேம் மிர்ரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கிய பின், புதிய ஆராய்ச்சி பெரும்பாலும் அந்தப் பக்கமே சென்றுவிட்டது.

ஆயினும் மிர்ரர்லெஸ் கேமராவில் பலரும் விரும்பும் ஒலியில்லாத ஷட்டருக்கு ஒரு குறை உண்டு. சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுவதால், விரைந்து நகரும் பொருள்கள் சாய்ந்து விழும். சிமிட்டும் எல்ஈடி விளக்குகள் நிறைந்த கல்யாண மண்டபத்தில் படம் முழுவதும் கறுப்புப் பட்டைகள் விழக்கூடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. அங்கே சாதாரண ஷட்டருக்கு மாறி, 100-இல் ஒரு பங்கு அல்லது 50-இல் ஒரு பங்கு விநாடியில் எடுத்தால் பட்டைகள் பெரும்பாலும் மறையும். மண்டப வேலைக்குக் கேமரா தேடுபவர் இந்தச் சிமிட்டலை, அதாவது ஃபிளிக்கரைத் தவிர்க்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டறிந்து வாங்க வேண்டும்.

கேமராவையும் லென்ஸையும் இணைக்கும் உலோக வளையம் மவுண்ட் எனப்படுகிறது. கேமராவின் உடலைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் இந்த மவுண்டையே தேர்ந்தெடுக்கிறார். உடல் ஐந்தாறு ஆண்டுகளில் பழையதாகிவிடும், நல்ல லென்ஸோ இருபது ஆண்டுகளுக்கும் உழைக்கும். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இலும் கேனானின் ஈஎஃப் மவுண்ட் 1987-இலும் வந்தவை. அவற்றுக்கான லென்ஸ்கள் பழைய சந்தையில் மலிந்து கிடக்கின்றன. ஒரு நிறுவனத்தின் மவுண்டுக்குச் சிக்மா, டாம்ரான் போன்ற பிற நிறுவனங்களும் லென்ஸ் செய்கின்றனவா என்பதைப் பொறுத்தே பின்னாளில் ஆகும் செலவு ஏறும் அல்லது இறங்கும். சோனியின் ஈ மவுண்ட் இவ்வகையில் நீண்ட காலமாகத் திறந்த கதவாக இருந்துவருகிறது.

80,000 ரூபாய் அளவில் செலவிடக்கூடியவர், ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள தொடக்க நிலை மிர்ரர்லெஸ் கேமராவைக் கிட் லென்ஸோடு எடுத்துக்கொண்டு, தொகையில் கால் பங்கையாவது எஃப் 1.8 லென்ஸ், இன்னொரு பேட்டரி, மெமரி கார்டு ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டும். கார்டின் மீது வி30 என்றிருந்தால், விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் வேகத்தில் அது எழுதும் என்று பொருள். சாதாரண 4கே வீடியோவுக்கு அது போதும். கையிலிருப்பது 30,000 அல்லது 40,000 ரூபாய் என்றால், புதிதாகக் கிடைக்கும் மலிவான சிறு கேமராவைவிடப் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று பல மடங்கு மேல். அதற்கும் குறைவென்றால், இருக்கிற கைபேசியோடு ஒரு முக்காலியை வாங்கிப் பழகுவதே சிறந்தது. பறவைகளுக்கான நீண்ட லென்ஸைப் பொறுத்தவரை, பெருநகரங்களில் நாள் வாடகைக்குத் தரும் கடைகள் இருப்பதால், வாங்குமுன் ஒரு விடுமுறை நாளில் எடுத்துச்சென்று, அதன் எடையைத் தோள் தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

பழைய கேமரா வாங்குவது பலரும் அஞ்சுவதுபோலச் சூதாட்டம் அன்று. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். ஷட்டர் என்பது தேயும் உறுப்பு. தொடக்க நிலை டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் ஷட்டர் பொதுவாக ஒரு லட்சம் இயக்கங்களுக்கென வடிவமைக்கப்படுகிறது. நிக்கானில் எடுத்த படக் கோப்பிலேயே இதுவரை எத்தனை முறை ஷட்டர் இயங்கியது என்ற எண் பதிந்திருக்கும்; கேனான் மாடல்கள் பலவற்றில் அதைப் படத்திலிருந்து அறிய இயலாது என்பதால் விற்பவரின் சொல்லோடு கேமராவின் தேய்மானத்தையும் ஒப்பிட வேண்டும். லென்ஸைத் தனியே கழற்றி, துவாரத்தை முழுவதும் திறந்து, பின்புறமிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தால் உள்ளே இருக்கும் பூஞ்சை சிலந்தி வலை இழைகளைப் போலத் தெரியும். சிறு தூசுத் துகள்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, பூஞ்சை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்று எழுந்துவிட வேண்டும். துவாரத்தை எஃப் 16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் சென்சாரில் படிந்த அழுக்கு கரும்புள்ளிகளாக வெளிப்படும். பேட்டரி அறைக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுத்தால் அது உப்பியிருக்கிறது என்று அறியலாம். நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் குவியத்தைத் திருப்பும் மோட்டார் இல்லாததால், ஏஎஃப்-டி என்று குறிப்பிட்ட பழைய லென்ஸ்கள் அவற்றில் தானாகக் குவியம் பிடிக்கமாட்டா. மலிவாகக் கிடைக்கிறதென்று அந்த லென்ஸை வாங்கி வந்தவர்கள் ஏமாந்துபோவது இந்த ஒரு எழுத்தைக் கவனிக்காததால்தான்.

வீடியோவே முதன்மைத் தேவை என்பவர், படத்தின் தரத்துக்கு முன்னதாக ஒலியையும் பதிவு வசதிகளையும் கவனிக்க வேண்டும்: வெளி மைக் செருகும் துளை, பேசுபவர் தம்மைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கவாட்டில் திரும்பும் திரை, தொடர்ந்து அரை மணிக்கும் மேல் பதிவுசெய்தாலும் சூடேறி நின்றுவிடாத உடல் ஆகிய மூன்றும் இல்லாத கேமரா எவ்வளவு புகழ்பெற்றதாயினும் அவருக்கு உதவாது.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் வாழ்பவர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. பூஞ்சை ஈரப்பதத்தில் வளர்வது. காற்றோட்டமில்லாத பீரோவும் தோல் உறையும் அதற்கு ஏற்ற விளைநிலம். பூஞ்சை லென்ஸின் மேற்பூச்சைத் தின்றுவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஈரப்பதத்தைக் காட்டும் சிறு மானி ஆகியவற்றை வைத்துக்கொண்டு உள்ளே 40 முதல் 50 விழுக்காடு வரை ஈரம் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். இதற்காகும் சில நூறு ரூபாய் பல ஆயிரம் ரூபாய் லென்ஸைக் காப்பாற்றும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் என்றால், நிறம் மாறிய பின் அதைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் கேமரா விலையில் குறைந்திருக்கலாம்; ஆனால் நிறுவனங்கள் பலவும் வாரண்டியை விற்ற நாட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்கென்றே வரும் சில மாடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். உள்ளூரில் பில் இல்லாமல் விலை குறைத்துத் தரப்படும் கேமராவுக்கும் இதே நிலைதான்: பழுது பார்க்கும் மையத்தில் முதலில் கேட்பது பில்லை. எனவே கடையை விட்டு வெளியேறுமுன், கேமராவின் அடியில் உள்ள தொடர் எண்ணும், பெட்டியின் மீதுள்ள எண்ணும், பில்லில் எழுதப்பட்ட எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். மாற்றித் தருவதற்கான கெடு பெரும்பாலும் சில நாள்களே என்பதால், அன்றே வீட்டில் ஒரு செங்கல் சுவருக்கு நேராகக் கேமராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸின் ஒவ்வொரு எஃப் எண்ணிலும் ஒரு படம் எடுத்து, கணினித் திரையில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைவிட எப்போதும் மங்கலாக இருந்தால், லென்ஸுக்குள் கண்ணாடிகள் நேராகப் பொருந்தவில்லை என்று கொண்டு, கெடு முடிவதற்குள் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடலாம்.